எட்டு எட்டு தூரம்

பதினேழு புகார் எழுதினேன்.
பதினெட்டாவதற்குத் தாள் எடுக்கும்போது
மேலாளன் லெயாந்த்ரோஸ் தெருவைக் கடந்து வந்தான்.
கையில் கறுப்பு உறை. உள்ளே ஓர் இரவு,
காலை உணவோடு, இலவசம்.
"ஒருமுறை எங்களிடம் தங்கிப் பாருங்கள், திருமதி எவான்தியா."

எட்டு எட்டில் கடந்துவிடலாம் எங்கள் தெருவை.
ஸ்கூட்டர் குறுக்கே நின்றால் பன்னிரண்டு.
ஆனாலும் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டுதான் போனேன்.
ப்ஸிரியின் கல்தரையில் அது
ஏதென்ஸ் முழுக்கக் கேட்கும்படி கடகடத்தது.
"பயணம் எப்படி இருந்தது?" என்றாள் வரவேற்பில் மிர்சினி.
"நெரிசல்" என்றேன்.

திருகாணிக் கிடங்காக இருந்த கட்டடம்.
செங்கல்லைப் பூசாமல் விட்டிருக்கிறார்கள்,
அதற்குத்தான் கூடுதல் வாடகையாம்.
என் வீட்டிலும் பூசாத சுவர் ஒன்று உண்டு,
வெட்கப்பட்டு அலமாரியை நிறுத்தி வைத்திருக்கிறேன்.
குளியல் தொட்டி கட்டிலுக்கு அருகில்,
கூச்சமில்லாமல், கால் நீட்டி.
ஏழு விளக்கு; ஒன்றின் வெளிச்சத்திலும்
மாத்திரை அட்டையைப் படிக்க முடியவில்லை.
துருப்பிடித்த மரை ஒன்றுக்குத் தங்கச் சட்டம்.

தலையணை மேல் ஒலிவ மரப்பெட்டி,
அதில் இரண்டு மெழுகு உருண்டைகள், காதுக்கு.
கூடவே ஒரு சீட்டு:
'இது உயிர்ப்பான பகுதி.
இங்கே இரவுகள் கொஞ்சம் பேசும். பொறுத்தருள்க.'
பேசுவது யார்?
மொட்டைமாடி மதுக்கூடத்தின் அதிர்வு
இந்த அறைக்குள் துளிகூட இல்லை.
சத்தம் முழுவதையும் தெருவுக்கு எறிந்துவிட்டு
உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிறார்கள்.
இதை எழுதியிருக்க வேண்டும், பதினெட்டில்.

திரையை விலக்கினேன்.
இக்கரைக்கு வந்து பார்த்தால் அக்கரை பச்சைதான்:
எங்கள் வெயில்மறைப்புத் துணி. வெளுத்த பச்சை.
மார்ச்சிலிருந்து நான் தேடும் நீலத் துண்டு
குளிர்சாதனப் பெட்டியின் முதுகில் கிடக்கிறது.
அதன்மேல் ஒரு புறா குடித்தனம்.

ஸ்தமாதிஸ் கத்தரிக்காய் வறுக்கிறான்.
எண்ணெய் அளவு பார்க்காமல் ஊற்றுகிறான், நான் இல்லை என்று.
தட்டை எடுத்துக்கொண்டு போய்
அவன் நாற்காலியில் உட்காரவில்லை.
என் நாற்காலியில் உட்கார்ந்தான்.
இருபத்திரண்டு வருடத்தில் எனக்குத் தெரியாத விஷயம்.
என் இடத்திலிருந்து
அவன் காலியிடத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

பிறகு புசூக்கி.
நன்றாகத்தான் புறப்படுகிறது, நான்காவது வளைவில்
செருப்பு அறுந்ததுபோல் தடுக்கும்.
மறுபடி முதலிலிருந்து.
பக்கத்து பால்கனியில் ராட்டர்டாம் தம்பதி
மதுக்கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு
கைபேசியில் அவனைப் பதிவு செய்தார்கள்.
அறை வாடகையில் என் கணவனும் அடக்கம்
என்பது எனக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு வரவேற்பை அழைத்தேன்.
பழக்கதோஷம்.
"எதிர்வீடு, மூன்றாம் மாடி. யாரோ வாசிக்கிறார்கள்."
"நிறுத்தச் சொல்லட்டுமா அம்மா?"
நான் பேசவில்லை.
தந்தி தடுக்கியது. மிர்சினி சிரித்தாள்.
"தினமும் அங்கேதான் விழுகிறார்.
இரவுப் பணிக்காரர்கள் பந்தயம் கட்டுகிறோம்,
என்றைக்குத் தாண்டுவார் என்று.
நீங்களும் இரண்டு யூரோ போடுகிறீர்களா?"

போட்டேன்.
வியாழக்கிழமை என்று சொன்னேன், ஏனென்று தெரியாது.

மெழுகு உருண்டைகளை மரப்பெட்டியோடு
கைப்பையில் போட்டுக்கொண்டேன், அழகான பெட்டி.
பதினொன்றுக்கு அறையைக் காலி செய்ய வேண்டும்.
போனதும் முதல் வேலை
அந்தத் துண்டை எடுப்பது;
புறா முட்டையிட்டிருந்தால்,
அதை அப்புறம் பார்க்கலாம்.